பச்சையாகவே நின்ற பட்டை

பீளமேட்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் மேனேஜரை எனக்கு இன்றும் பிடிக்காது. வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வைத்தே கழுத்தை அறுப்பார்.

நூல் மில்களுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். சர்வரில் இரண்டு டேட்டாபேஸ்: ஒன்று சோதனைக்கு, மற்றது மில்லின் நிஜப் பதிவுகள். அவற்றைத் திறக்கும் புரோகிராம் நான் எழுதியது. அதன் தலையில் ஒரு பட்டை. சோதனை என்றால் பச்சை, நிஜம் என்றால் சிவப்பு. அலுவலகத்தில் ஒருவரும் பெயரைப் படிக்கமாட்டார்கள். நிறத்தை நம்பித்தான் எதையும் அழிப்பார்கள்.

ஆனால் மவுஸால் தேர்ந்தெடுத்தால்தான் நிறம் மாறும். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஓடும்போது, அதுவே ஒரு டேட்டாபேஸிலிருந்து மற்றதுக்குத் தாவிவிட்டால் என் புரோகிராமுக்குத் தெரியாது.

"ஒவ்வொரு கட்டளைக்கும் அப்புறம், இப்ப எதுல இருக்கறோம்னு சர்வரையே கேட்டுப்போடலாமுங்க" என்றேன் மேனேஜரிடம்.

"ஸ்லோ ஆயிடுமுங்க. உடுங்க."

அடுத்த வாரம் அவரே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, சத்தியமங்கலத்திலிருந்து வந்து டெஸ்டிங் பார்த்த பெண்ணிடம் கொடுத்தார். முதல் பாதி மில்லின் பதிவுகளை நகலெடுக்க நிஜ டேட்டாபேஸுக்குள் போகும். இரண்டாம் பாதி சோதனைப் பதிவுகளை அழிக்கும். நடுவே சோதனைக்குத் திரும்பி வரும் வரியை மனிதர் எழுதவே இல்லை. அந்தப் பெண் முதல் பாதியை ஓட்டினார். பட்டையைப் பார்த்தார். பச்சை. அழிக்கிற பாதியையும் ஓட்டினார். மில்லின் அன்றைய ஷிப்ட் வருகை முழுதும் போய்விட்டது.

"ஏனுங்க அம்மணி, கண்ணு தெரியலீங்களா? நாளையிலிருந்து வர வேண்டாமுங்க." எல்லார் முன்னாலும் சொன்னார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்து, சர்வரைக் கேட்கும் வரியைச் சேர்த்து, அதே முதல் பாதியை ஓட்டிக் காட்டினேன். பட்டை சிவந்தது.

"இத முன்னயே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றார் மேனேஜர், கூச்சமே இல்லாமல்.

நான் வாய் திறக்கும் முன் அந்தப் பெண் சொன்னார்: "சொன்னாருங்க. நானும் பக்கத்துலதான் இருந்தனுங்க."

மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னைக்கே எல்லா மெசின்லயும் இதப் போட்டுடுங்க" என்றார் என்னிடம்.

"அப்ப இவங்க?"

"அது வேற விசயமுங்க."

அந்தப் பெண் டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். "வாரேனுங்க" என்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

நான் கத்தினேன். பலனில்லை. சாயங்காலம் ஒவ்வொரு மெசினாகத் திருத்தினேன், கடைசியாக அந்தப் பெண்ணுடையதை. பட்டை ஒழுங்காகச் சிவந்தது. பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.