அடைத்த புகைப்போக்கி

திண்டிவனத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்கட்டில் இரண்டு விறகு அடுப்புகள் இருந்தன. செங்கல் வைத்துக் கட்டியவை, மேலே புகைப்போக்கி. இடித்துவிட்டு அங்கே வாஷிங் மெஷின் வைக்கலாம் என்றார் கணவர். வெந்நீர் போடவாவது இருக்கட்டும் என்றேன் நான். குடிவந்த நாளிலிருந்து இதே பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொத்தனாரைக் கூட்டிவரப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு வீம்பு வந்தது. அவர் திரும்பும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்து அறையில் படுத்திருந்த மாமனாரிடம் சொன்னேன். அவருக்கு வீசிங் உண்டு. ஆனாலும், "எரியிற அடுப்ப எவன் இடிப்பான், பத்த வையிம்மா" என்று சிரித்தார்.

தென்னை மட்டை சட்டென்று பற்றிக்கொண்டது. புகை மேலே போகாமல் முகத்தில் அடித்தது. சூடேறினால் சரியாகிவிடும் என்று இன்னும் இரண்டு மட்டையைத் திணித்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. கண் எரிந்து நான் விலகியபோது மாமனாரின் இருமல் கேட்டது. அடுப்பங்கரைக்கும் அவர் அறைக்கும் நடுவே சுவரின் உச்சியில் ஓர் இடைவெளி இருந்தது. புகை அது வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு வரவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தெருவரை இழுத்து வந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி உள்ளே ஓடி, தலையணைக்கடியில் துழாவி இன்ஹேலரை எடுத்தேன். இரண்டு முறை அடித்தும் இழுப்பு அடங்கவில்லை.

கணவரும் கொத்தனாரும் வந்து இறங்கினார்கள். "நான்தான் பத்த வெச்சேன்" என்றேன். கணவர் என்னைப் பார்க்கவேயில்லை. ஆட்டோவை நிறுத்தி அப்பாவை ஏற்றினார். கொத்தனார் தீயை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தார். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க யாரோ புகைப்போக்கியின் வாயைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமனார் மாஸ்க்கை விலக்கி மகனிடம் சொன்னார்: "அவள ஒண்ணும் சொல்லாத. நானும்தான் சேர்ந்துக்கினு சொன்னேன்."  மறுநாள் மாலைவரை கணவர் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுப்பை இடிக்க வரச்சொல்லிக் கொத்தனாருக்கு நானே போன் செய்தேன். அவர் கடப்பாரையோடு நின்றபோது கணவர் அருகில் வந்தார்.

"ஒண்ண வெளிய தோட்டத்துல கட்டிக்கிறியா?"

"வேணாங்க. ரெண்டையும் எடுத்துடலாம்."

முதல் செங்கல் விழுந்தது. மூன்றாம் நாள் மாமனார் வீடு திரும்பினார். அடுப்பு இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.