பிணமாக நடித்த காலை

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்காரர்கள் யாராவது என்னை உற்றுப் பார்ப்பார்கள். "சார், நீங்க எங்க பேங்க்ல இருந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன், நம்பவில்லை. பதினான்கு வருடமாகச் செங்கல்பட்டில் லோக்கல் ரயில் பிடித்து, வடபழனிக்கு அலைந்து நான் சம்பாதித்தது அதுதான், எங்கேயோ பார்த்த முகம். கான்ஸ்டபிளாக சல்யூட் அடித்திருக்கிறேன். கதாநாயகனிடம் உதை வாங்கிக் கண்ணாடிக் கடைக்குள் விழுந்திருக்கிறேன். வசனம் என்று பார்த்தால், எல்லாப் படத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

க்ளோசப் ஒரே ஒருமுறைதான் கிடைத்தது. அதில் நான் பிணம்.

கடலில் செத்த மீனவன் ஒருவன் கரை ஒதுங்கும் காட்சி. மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஷூட்டிங். மேனேஜர் போன் செய்து, "உங்க ஊர்ப் பக்கம்தானே? ஒப்பாரி வைக்க நிஜமான கடற்கரைப் பொம்பளைங்க கிடைப்பாங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "வேன் அனுப்புங்க சார், சதுரங்கப்பட்டினத்துல எங்க ஆளுங்களே இருக்காங்க" என்றேன். க்ளோசப் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

என் தம்பி கடலில் போய் அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அப்பாவின் படகு அவனுக்கு, சினிமா எனக்கு என்று நாங்களாகவே பிரித்துக்கொண்டவர்கள். ஒரு விடியலில் மூன்று பேர் போனார்கள். படகு கவிழ்ந்து இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். தம்பியின் உடல் கிடைக்கவே இல்லை. உடலைப் பார்க்காததால் அம்மா அழவில்லை. "ஆந்திரா பக்கம் எவனாச்சும் போட்டுக்காரன் தூக்கினு போயிருப்பான். வருவான்" என்று சொல்லிவிட்டாள். கருமாதிப் பேச்சை எடுத்தவர்களை வாசலோடு அனுப்பினாள். தினமும் பூ வாங்கி மருமகள் தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டாள்.

தம்பி பெண்டாட்டிக்கு இருபத்தாறு வயது. அவளுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. "ஒரு தபா வாய்வுட்டு அழணும் மாமா. வூட்ல முடியல. அழுதா, எம் புள்ளய சாவடிக்கிறியான்னு அத்த அடிக்க வராங்க. நீங்கதான் அவங்களாண்ட சொல்லணும்" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. 'செத்துட்டான்மா' என்ற வசனத்தை யார் யாரோ சொல்லப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். என் வாயில் அது வரவில்லை.

அம்மா மனம்விட்டு அழட்டும் என்றுதான் அந்த வேனை வரச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது ஆசையாக இருக்கிறது. பொய். அம்மா அதில் ஏறுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. தெருப் பெண்கள் ஏறினார்கள், தம்பி பெண்டாட்டியும் ஏறினாள், பெரிய மகன் நடிப்பதைப் பார்க்க அம்மாவும் ஏறிவிட்டாள்.

முகத்துக்குச் சாம்பல் நிறப் பூச்சு, உதட்டுக்கு நீலம், நனைத்த தலை, கழுத்தில் கடல்பாசி. எனக்கும் தம்பிக்கும் ஒரே முகவெட்டு. என் தாடிதான் வித்தியாசம். டைரக்டர் சொன்னார் என்று அன்று அதையும் எடுத்திருந்தேன். கண்ணாடியில் தம்பி தெரிந்தான். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நீலம் போடச் சொன்னேன்.

ஈர மணலில் படுத்துக் கண்ணை மூடினேன். ஆக்‌ஷன் என்றார்கள். பெண்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. மூச்சை அடக்கினேன். யாரோ என் மார்பில் வந்து விழுந்தார்கள். அம்மா. குடை நிழலில் உட்காரவைத்திருந்தவள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது. தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தாள். "வந்துட்டியாப்பா. அஞ்சு மாசமா தண்ணிலயேவாப்பா கெடந்த?" என்று இரண்டு கையாலும் என்னை அடித்தாள். கண்ணீர் என் இமைமேல் விழுந்தது. பக்கத்தில் தம்பி பெண்டாட்டி ஓலமிட்டாள். "பூவ எட்றீ. அவன் பூட்டான், எட்றீ" என்று அம்மாவே அவள் தலையிலிருந்து பூவைப் பிடுங்குவது கேட்டது.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வயிறு அசையக்கூடாது, அசைந்தால் டேக் போய்விடும் என்று நினைத்தேன்.

கட் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. யூனிட்டே கை தட்டியது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவனைச் சும்மா எழுப்பி அனுப்ப மாட்டார்கள். கேமரா ஓட ஓட அவன் எழுந்து, லென்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடும் என்று பயம். பகுத்தறிவு பேசுகிறவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. அசிஸ்டென்ட் டைரக்டர் குனிந்து, "அண்ணே, ஒரு சிரிப்பு" என்றான். அம்மா இன்னும் என் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடியாது என்றிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் பயம். தம்பியை நினைத்து அல்ல, என் உயிரை நினைத்து. எழுந்து உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தேன்.

அம்மாவின் அழுகை நின்றது. முந்தானையால் என் உதட்டு நீலத்தைத் துடைத்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "இன்னாத்துக்குடி அழுவுற? பாரு, சிரிச்சினு கீறான்" என்றாள். மணலில் கிடந்த பூவைத் தட்டி எடுத்து அவள் தலையில் வைத்தாள்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. திரும்ப வேன் ஏறும்போது என் பெயரைச் சொல்லித்தான் சாப்பிட்டாயா என்று கேட்டாள். செத்தவன் எழுந்து சிரித்ததைச் சகுனமாக எடுத்துக்கொண்டாள். எனக்குப் பலிக்கக்கூடாது என்று நான் செய்ததைத் தம்பிக்குப் பலித்ததாக வைத்துக்கொண்டாள்.

படம் வந்து போயிற்று. "அந்தம்மா யாரு? பின்னி எடுத்துட்டாங்க" என்று மூன்று நான்கு பேர் கேட்டார்கள். புது முகம் என்றேன். முன்பெல்லாம் கருமாதி என்றால் அம்மாவுக்குக் கோபம் வரும். இப்போது கோபம்கூட வருவதில்லை, நம்மைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிக்கிறாள்.

போன வாரம் சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். அம்மா கரைக்குப் போயிருந்தாள். தம்பி பெண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். அந்தக் காலைக்குப் பிறகு நாங்கள் தனியாகப் பேசியதில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் திட்டவில்லை. "அன்னிக்கி அத்த அழுது முடிச்சிருப்பாங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் படுத்துனே இருந்திருக்கக் கூடாதா மாமா?"