தறிப்பஞ்சும் தம்பியின் பல்லும்

செல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓடுகிறது. மாடியில் என் பழைய கேமிங் கம்ப்யூட்டர். விளையாட்டில் சண்டை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் சூடாகி அணைந்துவிடும். பிராசசருக்கு வயதாகிவிட்டது, புதிது போடலாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் அணைந்தது. ஆத்திரத்தில் கேபினெட்டை உதைத்தேன்.

"புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒருக்கா தொறந்து பாருண்ணே" என்றான் தம்பி.

"நீ எனக்குச் சொல்லித் தாரியாடா?" என்று அவன் வாயிலேயே குத்தினேன். கம்ப்யூட்டரையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தான். அதன் பக்கவாட்டு மூடி கழன்றது. உள்ளே ஃபேன் சுற்றவே இடமில்லாமல், கீழிருந்து பறந்து வந்த தறிப்பஞ்சு தலையணைபோல் அடைத்திருந்தது. அதன்மேல் ரத்தத்தோடு தம்பியின் முன்பல்.

பஞ்சை எடுத்தபிறகு அதே பிராசசர் நன்றாக ஓடுகிறது. இப்போது வாராவாரம் மூடியைக் கழற்றித் துடைக்கிறேன். தம்பி மட்டும் இன்னும் என் முன்னால் வாய் திறந்து சிரிப்பதில்லை.