தையல்கடைக்காரி ஏன் மறுத்தார்?

காலை பத்தேகாலுக்கு அவர் கண்களை மூடிக்கொள்கிறார். தூக்கமில்லை. சன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, காற்றில் ஓர் இருக்கையைச் சுட்டி, "ரெண்டாவது வரிசை, தூண் பக்கம்... நீங்க சொல்லுங்க" என்று முணுமுணுக்கிறார். பிறகு காத்திருக்கிறார். முகத்தில் வெயில் ஏறுகிறது. உதட்டோரம் சிரிப்பு வந்தால், யாரோ நல்ல பதில் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம்.

எதிரே சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு இது பழக்கம். "வாத்தியாரே, மணி அடிச்சாச்சு. பசங்களை விடுங்க, காப்பி ஆறுது."

தம்பி, வணிக மேலாண்மைக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அக்கா எட்டாவதோடு தையல் மிஷினில் உட்கார்ந்தவர். மாணவர்கள் தம்பிக்கு எழுதும் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி நூல் கட்டி வைத்திருக்கிறார். "எந்தக் கம்பெனி முதலாளியும் என் தம்பியைப் பார்த்தா எழுந்து நிப்பான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லாத வாரமில்லை.

அப்பேர்ப்பட்ட தம்பியைத் தக்காளி வாங்க அனுப்பினால், வாரத்துக்கு எத்தனை கூடை அழுகும், எதை முதலில் விற்பார்கள் என்று ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டு வெறும் பையோடு திரும்புவார்.

"நல்லாப் பேசினாருக்கா அந்த ஆளு."

"பேச்சையாடா சமைக்கறது?"

வகுப்பில் அவர் புத்தகத்தைத் தொட்டதில்லை. உண்மையான ஒரு கடையின் கதையை எழுதி, முடிவெடுக்கும் இடம் வந்ததும், 'நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?' என்று விட்டுவிடுவார். அதற்குக் கேஸ் என்று பெயர். மாணவர்கள் பேசி ஓய்ந்த பிறகு, கடைக்காரர் செய்ததையும் காரணத்தையும் சொல்வார். அப்படிப் பன்னிரண்டு கேஸ்களைக் கல்லூரி இப்போது புத்தகமாகப் போடுகிறது. கதைக்கு உரியவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு பேர் போட்டாயிற்று. பன்னிரண்டாவது கேஸ், கையெழுத்தில்லாமல் நாலு நாளாக மேசை விரிப்புக்கு அடியில் கிடந்தது. விரிப்பை இஸ்திரி போட எடுத்த அக்காவின் கையில் சிக்கியது.

"என் கடையாடா? காலேஜ்ல பாடமா?" முகம் மலர்ந்துபோய், வரிக்கு வரி நகம் வைத்துப் படித்தார். "நாலு மிஷின்னு போட்டிருக்கே. மூணுதான்."

"திருத்திடறேன்கா."

கடைசிப் பக்கத்தில் நகம் நின்றது. 'இரண்டாயிரம் பள்ளிச் சீருடைகள் தைக்கும் வேலை தானாகத் தேடி வந்தும் தையல்கடைக்காரி மறுத்தார். வளரப் பயந்ததே காரணம்.'

"பயமா? எனக்கா?"

தம்பி சன்னலைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல தைக்கக் குடுத்த துணியை நனைச்சுப் பார்த்தேன்டா. ரெண்டு விரக்கடை சுருங்கிடுச்சு. ஒரு தடவை துவைச்சா பிள்ளைங்க சட்டையில பட்டன் தெறிச்சிருக்கும்."

"சொல்லவே இல்லையே நீ."

"கேட்டியா? இதை எழுதறப்ப, துணி குடுத்த கடைக்காரரைக் கேட்டே, பள்ளிக்கூட ஆபீசுல கேட்டே. என்கிட்ட என்ன கேட்டே? நூல்கண்டு வாங்கிட்டு வரவான்னு கேட்டே."

முடிவெடுத்தவரையே போய்க் கேளுங்கள் என்பதுதான் தம்பியின் முதல் நாள் பாடம். அக்காவைப் பற்றித் தனக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்.

மெல்லக் கண்களை மூடினார். அந்த வகுப்பறை மறுபடி வந்திருக்க வேண்டும். இந்த முறை விரல் யாரையும் சுட்டவில்லை.

"அக்கா, இந்தக் கேஸை நடத்தினப்ப கடைசி வரிசையில ஒரு பொண்ணு இருந்தா. 'துணி சரியில்லாம இருந்திருக்கலாமே சார்'னா. கேஸ்ல இல்லாததைப் பேசாதீங்கன்னு உட்கார வச்சேன். அப்புறம் அந்த வருஷம் முழுக்க அவ வாயே திறக்கல."

அக்கா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நான் கையெழுத்துப் போடல."

"புத்தகம் நின்னுடும்கா."

"நிக்கட்டும். அளவு தப்பினா பிரிச்சுத்தான் தைக்கணும்."

மிஷின் ஓடத் தொடங்கியது. தம்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டுக்கொண்டார். பேனாவைத் திறந்தார். அக்கா நிமிரவில்லை, தையல் நீண்டுகொண்டே போனது. அவர் கேள்வி கேட்கும் மாணவனைப் போல, வலது கையை மெல்லத் தலைக்கு மேல் உயர்த்தினார்.