மடங்காத விரல்களுக்கு ஒரு கத்தி

அத்தான், என் மனைவியின் அண்ணன், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவாத்து வெட்டியவர். தோட்டத்தை மூட, மலையை விட்டு இறங்கியதும் விக்கிரமசிங்கபுரத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தார். அறுபதை நெருங்கும் ஆளுக்கு வேலை தர யாருக்கும் மனம் வரவில்லை. பல மாதம் அலைந்து, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வாழைத் தோப்பில் இலை அறுக்கச் சேர்ந்தார். நான்காம் நாளே சிக்கல். அவருக்கு மூட்டுவாதம். அரிவாளின் மெல்லிய பிடி கையில் நிற்காமல் நழுவியது. இலைகள் கிழிந்தன.

"கிழிஞ்ச இலைய ஓட்டல்காரன் எடுக்க மாட்டான், அண்ணாச்சி. திங்கக்கிழம ஒரு நாள் பாக்கேன். அதுக்கு மேல என்னச் சொல்லக்கூடாது" என்று இலைக் குத்தகைக்காரர் சொல்லிவிட்டார்.

நான் நாளிதழில் செய்தி திருத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கத்தி செய்யப் பழகினேன். வருடத்துக்கு இரண்டோ மூன்றோ செய்வேன். தோள்வலி வந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. இருந்தாலும் அண்ணன் கைக்குப் பொருந்த ஒரு கத்தி வேண்டும் என்று மனைவி கேட்டாள், மறுக்க முடியவில்லை.

புதன்கிழமை மாலை அத்தானை வரச் சொல்லி, ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்தார்.

"நல்லாத்தான் பிடிக்கு, மாப்ளே."

நான்கு விரல் பள்ளங்களையும் அளந்து குறித்துக்கொண்டேன்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை அறுத்தேன். அலகு நாலரை அங்குலம், முனையில் லேசான உள்வளைவு. அரம் போட ஒன்றரை நாள் ஆனது. காந்தம் ஒட்டாத அளவுக்குக் கரி அடுப்பில் சிவக்கவைத்து எண்ணெயில் தோய்த்தேன். பிறகு, கடினம் சற்றே தணிய, சமையலறை ஓவனில் வைத்தேன். வீடெல்லாம் எண்ணெய்ப் புகை. பிடிக்குப் பூவரசங்கட்டை, களிமண்ணில் இருந்த அளவு மயிரிழை பிசகவில்லை.

அறுத்த இலையை இரண்டு கையாலும் ஏந்தி அடுக்க வேண்டும் என்பதால் கத்தி இடுப்பில் தொங்க வேண்டும். மேலப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடையில் தோல் வாங்கிவந்து, நனைத்து, வடிவம் பிடித்து, ஊசியால் துளையிட்டு உறை தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் முடிந்தது. மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. படுத்துக்கொண்டேன்.

திங்கள் காலை ஐந்து மணிக்கு, பஸ்ஸுக்குப் போகும் வழியில் அத்தான் வந்தார். கத்தியை அவர் கையில் வைத்தேன். விரல்கள் பாதிதான் மடங்கின. கத்தி தரையில் விழுந்தது.

"காலைல இப்படித்தான் வே. எட்டு மணிக்கு மேல தானா எளகும்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிறவர்போல.

மனைவி கத்தியைக் குனிந்து எடுத்தாள். "முப்பது வருசமா ஒங்களுக்குச் சாயங்காலந்தான் விடிஞ்சிருக்கு. எங்க அண்ணனுக்கும் அப்படியா?"

பத்திரிகை வேலை மாலையில் தொடங்கும். கையையும் மாலையில்தான் அளந்தேன். வாடுவதற்குள் இலை கடைக்குப் போக வேண்டும், அதனால் விடியலிலேயே அறுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் கை எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

பஸ்ஸுக்கு இருபது நிமிடம். பிடியைத் தடிமனாக்கினால், பாதி மடங்கிய கைக்குள்ளும் நிற்கும். அதற்குத் தோல் வேண்டும். வீட்டில் இருந்தது உறை மட்டும். தையலைப் பிரித்தேன். நீள நீளமான வாராக அறுத்து, பிடியில் இறுக்கமாகச் சுற்றி நூலால் கட்டினேன். பார்க்க அடிபட்ட விரலுக்குக் கட்டுப்போட்டதுபோல இருந்தது. அத்தான் பிடித்து இரண்டு முறை வீசிப் பார்த்தார்.

"கத்தியவிடக் கட்டு பெருசா இருக்கே" என்றார். "இருக்கட்டும். நிக்குது."

அலகைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்குத் திரும்பியவர், சட்டையில் வாழைக்கறையோடு படியில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

"ரெண்டு இலதான் கிழிஞ்சுது. நாளைக்கும் வரச் சொல்லிட்டாவ."

மனைவி உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆனா உறை இல்லாம முடியல, மாப்ளே. ஒவ்வொரு வாழைக்கும் கத்தியக் கீழ வைக்கேன், குனிஞ்சு எடுக்கேன். இடுப்பு விட்டுப்போச்சு."

புதிய தோலுக்கு மேலப்பாளையம்வரை போக வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும், உச்சி வெயில் வேறு. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.