இருபத்தாறு நிமிடம்

ஷகீல் பொய் சொல்லும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசுவான். இது அவன் லாத்தா என்று கூப்பிடும் அக்கா கமர் நிஷாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அரசலாற்றுப் பாலத்தடியில் நண்டு பிடித்த அன்று, "மத்தியானம் முட்ட போட்டாங்க லாத்தா, மஞ்சக்கரு பூவாட்டம் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். யாரும் கேட்காத முட்டை எதற்கு வந்தது என்று அவள் அவன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டாள். உள்ளே இருந்த நண்டு அவள் விரலைக் கவ்வியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இருவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். வாப்பா கண்மூடி மவுத்தானபோது ஷகீலுக்கு நான்கு வயது. உம்மா படுக்கையில். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த கமர் நிஷாதான் அவனை ஆளாக்கினாள். கால் இஞ்சு பிசகினால்கூடப் பிரித்துத் தைக்கிறவள் அவள். காரைக்காலில் பாதிப் பேருடைய அளவு அவளுடைய நீல நோட்டில் இருக்கிறது.

அவள் வளர்த்த பிள்ளை இன்றைக்கு எண்ணெய்க் கப்பலில் சுக்கானி. ஒரு தெரு நீளமுள்ள கப்பல், அவன் கையில் இருக்கும் ஒரு முழம் சக்கரத்துக்குக் கட்டுப்படுகிறது. "கேப்டன் வாயால சொல்லுவாரு, செய்யிறது எந்தம்பி கைதான்" என்று ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் அவள் சொல்வாள். சிங்கப்பூர்ப் பக்கம் கண் தெரியாத புகைமூட்டத்தில் நான்கு மணி நேரம் நின்றபடியே ஓட்டி வந்தவன் அவன். நெருக்கமான இடத்தில் கப்பல் திரும்பும்போது, அவன் வேலை பார்த்த எல்லாக் கப்பலிலும் அவனைத்தான் சுக்கான் பிடிக்கச் சொல்வார்களாம்.

அவர்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் பிறந்த வீட்டில் கமர் நிஷா மகள் நஜீபாவோடு இருக்கிறாள். ஷகீல் நிக்காஹ் முடிந்ததும் இரண்டு தெரு தள்ளி, அஸ்ஃபியா வீட்டுக்குப் போய்விட்டான். அஸ்ஃபியா இப்போது ஏழு மாதம். கப்பலிலிருந்து வரும் சேதி முதலில் அந்த வீட்டுக்குப் போய், அங்கே வடிகட்டித்தான் தன்னிடம் வருகிறது என்று கமர் நிஷாவுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

நோன்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால் சண்டை மூண்டது. முதலில் இரண்டு நாடுகள். நான்காம் நாள் மூன்றாவது நாட்டின் விமான நிலையத்தை மூடினார்கள். பிறகு நாலாவது, ஐந்தாவது. அதன் பிறகு கடலில் போகிற கப்பலையும் விட்டுவைக்கவில்லை. எங்கோ நடக்கிற சண்டை காரைக்காலுக்குள் ஓசையில்லாமல் வந்தது. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தால் பதில் இல்லை. கருக்களாச்சேரியிலிருந்து கூடையோடு வரும் செல்லம் இறாலை நிறுக்கும்போது புலம்பினாள்.

"அவனுவ ரெண்டு பேரும் அடிச்சிக்கிறான்னு பாத்தா, சுத்தி நிக்கிறவன் மேலல்லாம் அடி வுழுவுது. எங்கூட்டு படகு டீசல் இல்லாம கரையில கெடக்கு. நாங்க யாரு சண்டைக்குப் போனோம்?"

"இன்னும் எத்தன நாட்டுக்குப் பரவுமோ" என்றாள் கமர் நிஷா.

"பரவட்டும் பரவட்டும். கடேசில என் கூடைக்கும் ஒரு குண்டு போடுவானுவ."

ஷகீலின் கப்பல் அப்போது ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே, ஃபுஜைராவில் நங்கூரம் போட்டிருந்தது. உள்ளே வளைகுடாவுக்குப் போய் எண்ணெய் ஏற்ற வேண்டும். கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போட்டு உள்ளே வரலாம், இல்லாதவர்கள் இறங்கிக்கொள்ளலாம். ஷகீலே அதை அவளிடம் சொன்னான். "நான் போடமாட்டேன் லாத்தா. புள்ள பொறக்கப்போவுது, எனக்கென்ன கிறுக்கா?" என்றான். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் நம்பினாள்.

மகள் நஜீபா கல்லூரியில் படிக்கிறாள். கப்பல் இருக்குமிடம் காட்டுகிற செயலி ஒன்றை அவள் உம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நாள் சரியாகக் காட்டியது. மூன்றாம் நாள் கப்பல் ஒரு விமான நிலையத்தின் நடுவே நின்றது.

"என்னாடி இது, கப்பல் எப்ப பறக்கப் போச்சு?"

"சண்டைல சிக்னல கலச்சி வுடுறாங்கம்மா. எல்லாக் கப்பலும் மணல்லதான் நிக்குது, பாரேன்."

கமர் நிஷா அதற்குப் பிறகு அந்தச் செயலியைத் திறக்கவில்லை. அவளிடம் வேறொரு கணக்கு இருந்தது. எந்தக் கடலில் இருந்தாலும் ஷகீல் நோன்பை விடமாட்டான். பயணத்தில் இருப்பவனுக்குச் சலுகை உண்டு என்றாலும் கேட்கமாட்டான். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததும், "நோன்பு தொறந்துட்டேன் லாத்தா" என்று குரல் பதிவு அனுப்பிவிட்டுத்தான் தொழப் போவான். பன்னிரண்டு வருட வழக்கம். அது வரும் நேரத்தை அவள் அளவு நோட்டின் ஓரத்தில் குறித்துவைப்பாள். இந்த வருடம் முதல் நோன்புக்கு நம் நேரப்படி 7:41. பிறகு நாளுக்கு அரை நிமிடமாக ஏறி, பத்தாம் நோன்புக்கு 7:46. பன்னிரண்டுக்கு 7:47.

பதிமூன்றாம் நோன்புக்கு 7:58.

நெட் கிடைத்திருக்காது என்று நினைத்தாள். பதினான்காம் நோன்புக்கு 8:14.

"நோன்பு தொறந்துட்டேன் லாத்தா. கப்பல் அதே எடத்துலதான் கெடக்கு. இன்னிக்கி மதீனா பேரீச்சம்பழம், நாக்குல வச்சா தேனாட்டம் கரையிது."

கமர் நிஷா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கேட்காத பேரீச்சம்பழம் எதற்கு வந்தது?

சுவரில் பள்ளிவாசல் கொடுத்த நோன்பு கால அட்டவணை தொங்கியது. அடியில் பொடி எழுத்தில், மேற்கே உள்ள ஊர்களுக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்று போட்டிருக்கும். திருச்சிக்கு நாலு. மேற்கே போகப் போகச் சூரியன் பிந்தும் என்பது எட்டாவது படித்தவளுக்கும் தெரியும். ஃபுஜைராவிலேயே நின்றிருந்தால் இன்றைக்கு 7:48 ஆகியிருக்கும். அப்படியென்றால் இருபத்தாறு நிமிடம் பிந்த எவ்வளவு தூரம் மேற்கே போக வேண்டும்? நஜீபாவைப் பார்க்கச் சொன்னாள். நஜீபா ஒவ்வொரு ஊராகப் போனில் தட்டினாள். ஃபுஜைரா இல்லை. துபாய் இல்லை. நீரிணைக்கு உள்ளே, வளைகுடாவின் மேற்குக் கரை ஓரத்தில் நேரம் சரியாகப் பொருந்தியது.

"எதோ நேரமாயிருக்கும்மா. மாமா குளிச்சிட்டு வந்து அனுப்பிருப்பாங்க."

"பன்னெண்டு வருசமா குளிக்காதவன் இன்னிக்கித்தான் குளிச்சானாக்கும்?"

பதினைந்தாம் நோன்புக்கும் 8:14. சந்தேகம் இப்போது அஸ்ஃபியா வீட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே தெரிந்திருக்கும். தன்னிடம்தான் மறைக்கிறார்கள்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அரிசிமாவில் இறால் வைத்து வாடா சுட்டு, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனாள். அஸ்ஃபியா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க லாத்தா. வாசன தெருமுனைலயே வருது. நோன்போட இப்புடி சோதிக்கலாமா?"

"புள்ளத்தாச்சி நோன்பு புடிக்காதேன்னு சொன்னா கேக்குறியா? ஷகீலு பேசுனானா?"

"காலைல பேசுனாங்க. அங்கியேதான் நிக்கிறாங்களாம். வெளில அனல்னாங்க." அவள் முகத்தில் எந்த மறைப்பும் இல்லை. கமர் நிஷா அந்த முகத்தை, அளவு எடுக்கிற மாதிரி, இரண்டு முறை பார்த்தாள். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அஸ்ஃபியாவின் வாப்பா அப்துல் லத்தீப், பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காததுதான் பாக்கி. ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார்.

"லத்தீப் நானா, எந்தம்பி எங்க இருக்கான்?"

"அதான் அஸ்ஃபியா சொன்னுச்சே."

"அது அஸ்ஃபியாவுக்குச் சொல்லி வச்சது. நான் கேக்குறது நெசத்த. அவன் உள்ள போயி நாலு நாளாச்சு. ஆமாவா, இல்லயா?"

லத்தீப் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "யாரும்மா சொன்னது ஒனக்கு?"

"சூரியன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்துப் போட்டுட்டான்மா. போடாதவன் எறங்கிக்கலாம்னு கடுதாசில இருக்கு. எறங்கி எங்க போவான்? ஊரு ஊரா ஏர்போர்ட்ட மூடிட்டானுவ. எறங்குன பசங்க நாலு பேரு துறைமுகத்துக் கூடாரத்துல கெடக்கானுவளாம், மேல எந்நேரமும் ட்ரோனாம். 'சிக்னல கலச்சிட்டா கண்ணாலயும் கையாலயும்தான் ஓட்டணும் மாமா, சுக்கான் என் கையில இருந்தா எனக்கு பயம் கொறவு'ன்னான். அஸ்ஃபியாகிட்டயும் லாத்தாகிட்டயும் சொல்லிராதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"அவ புள்ளத்தாச்சி, சரி. எங்கிட்ட ஏன் மறைக்கணும்?"

"நீ அழுதா அவனுக்குக் கை நடுங்குமாம்."

வீடு வந்து சேர்ந்தவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அன்றும் 8:15க்கு அவன் பதிவு வந்ததும், நண்டு கவ்விய விரலாலேயே பதிவுப் பொத்தானை அழுத்தினாள். "டேய் ஷகீலு, யாருகிட்டடா கத வுடுற? ஃபுஜைரால ஏழு அம்பதுக்குள்ள நோன்பு தொறக்கணும். நீ எட்டே காலுக்குத் தொறக்குற. இருவத்தாறு நிமிசம்டா! எட்டாங்கிளாஸு படிச்ச லாத்தாவ ஏமாத்தலாம்னு நெனச்சியா?"

கேட்டுக்கொண்டிருந்த நஜீபா தலையில் கை வைத்தாள். "என்னாம்மா பண்ணிட்ட? இனிமே மாமா ஃபுஜைரா நேரம் பாத்துத்தான் அனுப்புவாங்க. ஒன் கடியாரத்த நீயே ஒடச்சிட்ட."

கமர் நிஷா போனை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பதிவு போய்விட்டிருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப்போய், அவன் எங்கே இருக்கிறான் என்று அறிய இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டாள்.

நஜீபா சொன்னபடியே நடந்தது. பதினேழாம் நோன்புக்கு, நொடி பிசகாமல் 7:49க்குப் பதிவு வந்தது.

"லாத்தா, கோவப்படாத. கப்பல் வெளில வந்துருச்சு. நோன்பு நேரமாயிருச்சு. நீ கஞ்சி குடிச்சியா?"

உள்ளே போக இரண்டு நாள் எடுத்த கப்பல், ஒரே நாளில் வெளியே வருமா? அவள் பதிவைத் திரும்பப் போட்டாள். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் அந்தக் குறை பிடிபட்டது. பன்னிரண்டு வருடமாகச் சொல்கிற வார்த்தையை அவன் சொல்லவில்லை. கப்பலைப் பற்றிப் பொய் சொல்வான். நோன்பைத் திறக்காமல் திறந்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் அவனுக்கு நாக்கு வராது. அப்படி அவனை வளர்த்தது அவள்தான்.

அவள் திட்டவில்லை. எழுத்துக் கூட்டி ஒரு வரி அனுப்பினாள்: "நோன்பு தொறந்துட்டியா தம்பி?"

பதில் இல்லை. 7:55. எட்டு மணி. நஜீபா இஷா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலு செய்யப் போனாள். கமர் நிஷா போனைத் தையல் மிஷின் மேல் நிறுத்திவைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தாள்.

8:15க்கு வந்தது. "இப்பதான் தொறந்தேன் லாத்தா." வேறு ஒன்றும் இல்லை. பின்னால் கடல் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அவன் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பதினெட்டாம் நோன்புக்கு 8:15. பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் 8:16. இருபத்தொன்றுக்கு 8:05. கப்பல் கிழக்கே திரும்பிவிட்டது என்று நோட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அஸ்ஃபியாவிடம் மூச்சு விடவில்லை. வாடா கொண்டுபோய்க் கொடுத்து, "அங்கியேதான் நிக்கிறானாம், அனலாம்" என்று அவளும் சொல்லிவிட்டு வந்தாள். வாசலில் லத்தீப்பின் கண்ணும் அவள் கண்ணும் ஒரு கணம் சந்தித்துப் பிரிந்தன.

இருபத்திரண்டாம் நோன்பு அன்று, நீரிணையில் ஒரு எண்ணெய்க் கப்பல் அடிபட்டதாக மத்தியானச் செய்தியில் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. ஒரு தொலைக்காட்சி மூன்று பேர் என்றது, இன்னொன்று ஒருவரும் இல்லை என்றது. எதையும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. மாலையில் 7:52 வந்து போனது. 8:05 போனது. 8:20. குரல் பதிவு வரவில்லை. கப்பல் நீரிணையின் வாய்க்குள் நுழையும்போது நெட்டை அணைத்துவிடுவார்கள் என்று லத்தீப் போன் செய்து சொன்னார். அவர் குரலே அவருக்குச் சாட்சி சொல்லவில்லை. நோட்டின் ஓரத்தில் தேதியை எழுதி, நேரத்துக்கு இடம் விட்டுவைத்தாள்.

மறுநாள் முழுக்க ஒரு தையல்கூட ஓடவில்லை. மக்ரிப் பாங்கு கேட்டு நோன்பு திறந்தவள், பேரீச்சம்பழத்துக்கு மேல் எதுவும் இறங்காமல் மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். 7:50. 7:51.

7:52க்குப் போன் அதிர்ந்தது.

"நோன்பு தொறந்துட்டேன் லாத்தா."

மூன்று முறை போட்டுக் கேட்டாள். ஃபுஜைரா நேரத்துக்கு, முழு வார்த்தை. சாப்பாட்டைப் பற்றி எதுவும் இல்லை. நோட்டை எடுத்து, நேற்று விட்டுவைத்த வெற்றிடத்துக்குக் கீழே நேரத்தை எழுதினாள். "நஜீபா" என்று கூப்பிட்டாள். நோட்டை விளக்குப் பக்கம் திருப்பி வைத்தாள். நஜீபா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு உம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"எண்ணெய எறக்கிட்டு அடுத்து எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல லாத்தா. ஏர்போர்ட்டு தொறந்தா எறங்கிருவேன். இல்லன்னா... கம்பெனி எப்புடியும் இன்னொரு கடுதாசி அனுப்பும். சண்ட நிக்கிற மாரி தெரியல. இப்ப அந்தப் பக்கம் இன்னொரு நாடும் எறங்கிருக்காம்."

இன்னும் ஏழு நோன்பு. அதற்குப் பிறகு பெருநாள். பெருநாள் போய்விட்டால் அவன் எந்த மாலையில் எந்தக் கடலில் நிற்கிறான் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? ஷகீல் நல்ல பிள்ளை. அவளை அழவைக்காமல் இருக்க எந்தப் பொய்யும் சொல்லக்கூடிய பிள்ளை.

"தம்பி, பெருநாளு முடிஞ்சா ஆறு நோன்பு இருக்குல்ல, அதயும் வச்சிரு. அது முடிஞ்சா வாராவாரம் திங்க, வியாழன் நோன்பு. ஒண்ணு வுடக்கூடாது."

அந்தப் பக்கம் அவன் சிரிப்பு கேட்டது.

"நன்மைக்கா லாத்தா, வேவு பாக்கவா?"

"ரெண்டுக்குந்தான்" என்றாள் கமர் நிஷா. "தொறந்ததும் சொல்லு."