வாரேன் என்று சொன்னவர்கள்

அடுத்தவர் நேரத்தை ஒழுங்குபடுத்தும் தொழிலுக்கு வந்தவர்களுக்குச் சொந்த நேரம் கிடையாது, பட்டவர்களுக்குத் தெரியும். தூத்துக்குடிக்குப் பச்சை எழுத்துக் கம்ப்யூட்டர் வந்த புதுசில், எந்த லாரி எப்போது வரணும், யாரை எப்போது பார்க்கணும் என்று நினைவூட்டும் புரோகிராமை ஃபிளாப்பியில் போட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் அண்ணாச்சி ஒருவர் மட்டும், "ஒரு மாசம் ஓடட்டும், பிடிச்சா வாங்குதேன்" என்றார். அவர் வாங்காவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று எங்கள் கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கா பயம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்; என் வாய் அப்படி.

ராகு காலம்

"எல்லாம் சரி, இதுல ராகு காலம் எங்கன இருக்கு?" என்று முதல் நாளே கேட்டார் அண்ணாச்சி. அதுக்கென்ன, அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் ஏற்காதபடி பூட்டிக் கொடுத்தேன். பெருமை தாங்கவில்லை.

திங்கள்கிழமை காலை லாரிக்கு நேரம் குறிக்கப் போனால் கம்ப்யூட்டர் மாட்டேன் என்கிறது. கப்பலோ துறைமுகத்தில் நிற்கிறது. ஓடிப்போய்ப் பூட்டை எடுத்தேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. "நான் கேட்டது கல்யாணம் காட்சிக்கும்மா. கப்பலுக்கு ஏது ராகு காலம்?"

ஸ்டெல்லா போட்ட பேர்கள்

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஸ்டெல்லா என்று ஒரு பெண். கெட்டிக்காரி, சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அதுதான் வினை. "யார் வாரேன்னு சொன்னாலும் பேரைப் போட்டுரு. மறுநாள் வரலைன்னா இது கீச்சுன்னு கத்தும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து கத்து கத்தென்று கத்துகிறது. பார்த்தால் டீக்கடைக்காரர், தபால்காரர், ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவர், அண்ணாச்சியின் மச்சினர், எல்லார் பேரும் வரிசையாக இருக்கிறது. எல்லாரும் முந்தின நாள் கிளம்பும்போது வாரேன் என்று சொல்லிக்கொண்டு போனவர்கள். தலையில் அடித்துக்கொண்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நான் என்ன செய்ய அக்கா, இங்கன யாரும் போறேன்னு சொல்லலியே."

வத்தல் லோடு

வேண்டாத பேர்களை இருவரும் உட்கார்ந்து அழித்தோம். ஒரு பேர் மட்டும் நியாயமாகவே கத்திக்கொண்டிருந்தது: விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் வத்தல் மூட்டையோடு வரவேண்டிய லாரி டிரைவர். முந்தின நாள் போனில் வாரேன் என்றவரை ஆளையே காணோம். அன்றைக்குச் சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும்.

அண்ணாச்சி போன் மேல் போன் போட்டதில், லாரி வழியில் ஒரு பட்டறையில் நிற்பது தெரிந்தது. வேறு லாரி அனுப்பி, மூட்டைகளை மாற்றி, ஒருவழியாகச் சரக்கு கப்பலில் ஏறியது. அண்ணாச்சி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாப் பயலும் வாரேங்கான். வரலைன்னு சொல்லுதது இது ஒண்ணுதான்."

மாசக் கடைசி

கடைசி நாள் அண்ணாச்சி பேப்பர் படிக்கிறார், படிக்கிறார், படித்துக்கொண்டே இருக்கிறார். வாங்குவதைப் பற்றி ஒரு பேச்சில்லை. என் வாய்ச்சவடால் எல்லாம் எங்கே போனதோ. கேட்கத் தைரியமில்லாமல் எழுந்து, "வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏளா ஸ்டெல்லா, இவ வாரேன்னு சொல்லிட்டா. மாசாமாசம் இதைப் பார்க்க வாரதாப் போட்டுரு. அந்தப் புரோகிராம் இங்கனயே கிடக்கட்டும்."

ஊரார் கழுத்துக்கெல்லாம் மணி கட்டப் போன நான், கடைசியில் என் கழுத்திலும் ஒன்றைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். வேலை மட்டும் போகவில்லை.